எண்டெவர் விளிம்பு எழுந்துவிட்டது: 27 நிறுத்தங்களில் 24 முடிந்தன

செவ்வாயில் நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் எண்டெவர் பள்ளத்துக்குப் போன வழியில் 27 இடங்களில் நின்று எடுத்த படங்களை, தொடுவானம் மட்டமாக நிற்கும்படி தைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு 24-ஆவது நிறுத்தமும் மட்டத்துக்கு வந்துவிட்டது. உடனே 24 படங்களையும் வரிசையாக ஓடவிட்டேன். தொடுவானம் ஆடவில்லை. ஆடாத அந்தக் கோட்டுக்கு மேல் எண்டெவர் பள்ளத்தின் விளிம்பு முதலில் ஒரு தழும்பு மாதிரி, பிறகு வரப்பு மாதிரி, கடைசியில் மலையாகவே எழுந்து வந்தது. எட்டு மாதமாக இதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். திருத்துறைப்பூண்டி நண்பருக்குப் போன் போட்டேன். அரைத் தூக்கத்தில் எடுத்தவர், "அனுப்புங்க, இப்பவே அனுப்புங்க" என்றார்.

ஆப்பர்ச்சூனிட்டியின் முழுக் கதையையும் இங்கே சொல்லப்போவதில்லை. நான் எடுத்துக்கொண்டது நடுவில் உள்ள மூன்று வருடங்களை மட்டும். 2008 ஆகஸ்டில் விக்டோரியா பள்ளத்தை விட்டு மேலேறியதில் தொடங்கி, 2011 ஆகஸ்ட் 9 அன்று எண்டெவர் விளிம்பில் ஸ்பிரிட் பாயின்ட்டைத் தொட்டது வரை. விக்டோரியா சுமார் 800 மீட்டர் அகலம், எண்டெவர் 22 கிலோமீட்டர். இடையில் நேர்க்கோட்டில் 12 கி.மீ.தான். பெரிய மணல் அலைகளில் சிக்காமல் இருக்கத் தெற்கே சுற்றிக்கொண்டு போனதால் சக்கரம் உருண்டது கிட்டத்தட்ட 21 கி.மீ. 2005-ல் பர்கடரி என்று பெயர் வைத்த மணல் அலையில் ஐந்து வாரத்துக்கு மேல் புதைந்து கிடந்த அனுபவம் ஓட்டுகிறவர்களுக்கு இருந்தது. போதாததற்கு வலது முன்சக்கர மோட்டார் அதிக மின்சாரம் இழுத்ததால் வண்டியைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனார்கள். 90 நாள் வேலைக்கு என்று அனுப்பிய வண்டி அது!

அந்த மூன்று வருடமும் நாங்கள் மூன்று பேர் கூடவே போனோம். மன்னார்குடி மேலராஜவீதியில் ஒரு பிரவுசிங் சென்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் அந்த வாரத்துப் படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவோம். நாசா அப்போதே கச்சாப் படங்களை உடனுக்குடன் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தது. 2009 மார்ச்சில் தொடுவானத்தில் லேசாக ஒரு மேடு தெரிந்தது. பின்னால் கேப் டிரிபுலேஷன் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் மூவரில் வாத்தியார் ஒருவர். வடுவூரிலிருந்து சைக்கிளில் வரும்போது பெரிய கோயில் விமானம் தெரிகிறதா என்று சின்ன வயதில் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னார். நம் டெல்டா மண்ணும் ரோவர் ஓடிய மெரிடியானி சமவெளியும் அந்த விஷயத்தில் ஒன்றுதான். கண்ணுக்குக் குறுக்கே எதுவும் இல்லாததால், தூரத்தில் உயரமாக ஒன்று இருந்தால் அது ஒருநாள் தலையைக் காட்டியே தீரும்.

2018 நவம்பர் 16 கஜா புயலில் ஓடு பறந்து, பீரோ மேல் இருந்த ஹார்ட் டிஸ்க் நனைந்து போனது. சேர்த்து வைத்த எல்லாம் போனது. அதே வருடம் ஜூன் 10-க்குப் பிறகு தூசிப் புயலுக்குள் இருந்த ரோவரிடமிருந்தும் சத்தம் இல்லை. 2019 பிப்ரவரி 13 அன்று பணி முடிந்தது என்று நாசா அறிவித்தது. மொத்தம் 45.16 கி.மீ. ஓடியிருந்தது. ரோவர் எண்டெவருக்குப் போன பாதையை முதலிலிருந்து, இந்த முறை ஒழுங்காகக் கட்ட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். கைகூட இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

இப்போது எடுப்பது பழைய ஜேபெக் படங்கள் இல்லை. அவற்றில் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பளிச்சென்று இழுத்து வைத்திருப்பார்கள். பக்கத்துப் படத்தோடு ஒட்டும்போது வானம் கட்டம் கட்டமாகத் தெரியும். நாசாவின் ஆவணக் காப்பகத்தில் உள்ள அளவீடு செய்த கோப்புகளை எடுத்தால் அந்தத் தொல்லை பாதி குறையும். கோப்பின் பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. 1P என்று ஆரம்பித்தால் ஆப்பர்ச்சூனிட்டியின் பான்கேம் (தூரத்தை நுணுக்கமாகப் பார்க்கும் கேமரா), 1N என்றால் நேவ்கேம் (வழி பார்க்க உதவும் அகலமான கேமரா). அடுத்து வரும் ஒன்பது இலக்கம் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-லிருந்து எண்ணிய விநாடிகள். அதை வைத்து அங்கே என்ன பொழுது என்று கணக்கிட்டு, சாயங்காலத்துப் படங்களாகப் பொறுக்கினேன். ரோவர் தென்கிழக்கே பார்க்கிறது, சூரியன் முதுகுப் பக்கம். விளிம்பின் வெளிச்சரிவில் வெயில் நேராக விழும். பான்கேமின் வண்ண வடிகட்டிகளில் எல்-2, அதாவது 753 நானோமீட்டர், என் கண்ணுக்குத் தூரத்து மலைக்கு ஒத்துவந்தது. நீல வடிகட்டியான எல்-7-ல் மலை தூசியில் கரைந்துவிடுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மாதத்தில் முடிந்த வேலை. மீதி ஏழு மாதத்தையும் தின்றது மட்டம்.

கணக்கைப் பாருங்கள். பான்கேம் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செவ்வாயின் ஆரம் 3,390 கி.மீ. அந்த உயரத்திலிருந்து தொடுவானம் 3.2 கி.மீ. தூரத்திலேயே முடிந்துவிடும். நம் வயலில் நின்றால் அதே உயரத்துக்கு 4.4 கி.மீ. கேப் டிரிபுலேஷன் சமவெளிக்கு மேல் 135 மீட்டர். அது 17 கி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், கோளின் வளைவிலேயே அடியிலிருந்து 28 மீட்டர் மறைந்துபோகும். தெரிவது 107 மீட்டர். பான்கேமின் ஒரு பிக்சல் பிடிக்கும் கோணம் 0.28 மில்லிரேடியன், ஆக மலையின் உயரம் படத்தில் 22 பிக்சல். சமவெளியின் சரிவை இதில் சேர்க்கவில்லை. 1024 பிக்சல் படத்தில் மூன்று வருடம் துரத்திய மலை வெறும் 22 பிக்சல்!

இப்போது ரோவர் ஒரு மணல் அலை மேல் நிற்கிறது, மூன்று டிகிரி சாய்ந்திருக்கிறது. கோப்போடு சாய்வு எண்கள் வருகின்றன. அவற்றை அப்படியே போட்டுப் பார்த்தேன். கேமராக் கம்பத்தின் திருப்பமும் சேர்ந்து, சில நிறுத்தங்களில் அரை டிகிரி வரை பொருந்தவில்லை. அரை டிகிரி என்பது 31 பிக்சல். மலையை விடப் பிழை பெரியது. வரிசையாக ஓடவிட்டால் விளிம்பு எழுவதற்குப் பதில் கப்பலில் நின்று பார்க்கிற மாதிரி எல்லாம் ஆடியது.

படங்களை ஒட்டித் தைக்க நான் வைத்திருக்கும் ஹியூகின் மென்பொருளில் கிடைமட்டக் கோடு என்று ஒரு வகைப் புள்ளி உண்டு. தொடுவானத்தில் இரண்டு புள்ளி குத்தினால் அது கோட்டை நிமிர்த்திக் கொடுக்கும். மூன்று பான்கேம் படம் சேர்ந்தால் 45 டிகிரி அகலம். அதற்குள் விளிம்பு மேடு தெரியாத இடமாகப் பார்த்துப் புள்ளி குத்தினேன். ஒரு நிறுத்தம் சரியாக வரும், அடுத்தது கோணிக்கொண்டு நிற்கும். புள்ளியைக் கூட்டினேன், குறைத்தேன். அருகில் உள்ள மணல் அலைகளில் குத்திய புள்ளிகளை எல்லாம் அழித்தேன். ஐந்து மாதம் இதிலேயே போனது. ஒரு கட்டத்தில் பாதியில் விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது.

வழி காட்டியது எங்கள் கொத்தனார். பின்கட்டுச் சுவரை எழுப்ப வந்திருந்தார். சாப்பாட்டு வேளையில் திண்ணையில் நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு மல்லாடுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். சும்மாடு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தம்பி, இது துண்டு. இந்தத் துண்டுக்குள்ள ரசமட்டம் வச்சா என்ன தெரியும்? கல்லு கோணலா, தரை கோணலான்னு எப்படிச் சொல்லுவீங்க? நாலு மூலைக்கும் டியூப் போட்டுல்ல பாக்கணும்."

"நாலு மூலையும் படத்துல இல்லையேண்ணே."

"அப்ப சுத்தி எடுத்த படத்தைத் தேடுங்க."

டியூப் மட்டம் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூபின் ஒரு முனையை ஒரு மூலையில் பிடித்துக்கொள்வார்கள், இன்னொரு முனை எதிர் மூலையில். தூரம் கூடக் கூடப் பிழை செத்துப்போகும். சாய்ந்த ரோவரிலிருந்து சுற்றிலும் 360 டிகிரி எடுத்தால் தொடுவானம் அலை மாதிரி வரும், ஒரு பக்கம் ஏறி எதிர்ப்பக்கம் இறங்கும். அந்த அலையின் உயரம்தான் சாய்வு, உச்சி எந்தப் பக்கமோ அந்தத் திசைதான் சாய்ந்த திசை. 45 டிகிரித் துண்டில் அந்த அலை வெறும் சரிந்த கோடாகத்தான் தெரியும். அந்தச் சரிவு வண்டியுடையதா நிலத்துடையதா என்று அதை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

அன்று ராத்திரியே நேவ்கேம் கோப்புகளை இறக்கினேன். நேவ்கேம் கருப்பு வெள்ளைதான், ஆனால் ஒரு படமே 45 டிகிரி பிடிக்கும். ஒரே இடத்தில் நின்று சுற்றிலும் எடுத்தவற்றை முதலில் தைத்து, தொடுவானம் முழுக்க எட்டு இடத்தில் கிடைமட்டப் புள்ளி குத்தி, ஹியூகினை மட்டம் பிடிக்கச் சொன்னேன். அது நின்ற பிறகு நேவ்கேம் படங்களை எல்லாம் பூட்டி வைத்துவிட்டு, பான்கேம் துண்டை அதன் மேல் கொண்டுவந்து ஒட்டினேன். ஒட்டும்போது தூரத்துப் புள்ளிகள் மட்டும். ஐம்பது மீட்டருக்குள் இருக்கிற எதையும் தொடக்கூடாது. இரண்டு கேமராவும் ஒரே இடத்தில் இல்லை, அருகில் உள்ள மணல் இடம் மாறித் தெரியும். முதல் நிறுத்தம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. பிழை மூன்று பிக்சல்! நான்கு இடத்தில் முழுச் சுற்று கிடைக்கவில்லை, ஓட்டும் திசையில் மட்டும் எடுத்திருந்தார்கள். அங்கே பாதிச் சுற்றை வைத்துச் சமாளித்தேன், பிழை ஏழெட்டுப் பிக்சல் வரை போகிறது. அதை இன்னும் குறைக்க முடியும் என்றே நினைக்கிறேன்.

மறுநாள் கொத்தனாரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினேன். "இப்ப மட்டம்" என்று சொல்லிவிட்டுக் கலவையைப் பார்க்கப் போய்விட்டார்.

அச்சு விஷயம். பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு பட்டையாக அடித்து மாட்ட வேண்டும் என்று ஆசை. மலையின் உயரத்தை மட்டும் நான்கு மடங்கு இழுத்து, 27 நிறுத்தங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி. சோதனைக்கு ஆறு நிறுத்தங்களை ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். என்னைக் கேட்காமலேயே அந்தத் தம்பி வானத்தை நீலமாக்கி, மலையைக் கூர்மையாக்கி அடித்துக் கொடுத்துவிட்டார். செவ்வாயின் பகல் வானம் நீலம் இல்லை, தூசியால் மங்கிய பழுப்பு. அந்த மங்கலில்தான் மலையின் தூரமே தெரிகிறது. கோப்பைத் தொடவேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள். ஃபிளெக்ஸும் வேண்டாம், பளபளப்பு இந்த மாதிரி மெல்லிய சாம்பல் வேறுபாட்டைக் கொன்றுவிடுகிறது. பளபளப்பில்லாத மேட் வினைல் நன்றாக இருக்கிறது.

முப்பரிமாணப் படம் பார்க்கும் கண்ணாடிக்குச் சிவப்பு, நீலப் பச்சை செலஃபேன் தாளும் கும்பகோணத்தில் வாங்கி வைத்துவிட்டேன். அடுத்த வேலை அதில்தான். பான்கேமின் இரண்டு கண்ணுக்கும் இடைவெளி 30 சென்டிமீட்டர். 12 கி.மீ. தூரத்து மலைக்கு அது ஒரு பிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட விலகல் தராது. ஆனால் ரோவர் பக்கவாட்டில் 100 மீட்டர் நகர்ந்து எடுத்த இரண்டு படங்களை இடது, வலது கண்ணாக வைத்தால் 30 பிக்சல் விலகல் கிடைக்கும். பூதக் கண்ணால் பார்க்கிற மாதிரி, கேப் டிரிபுலேஷன் முன்னால் வந்து நிற்கும், தூரத்து விளிம்பு பின்னால் போகும். வாத்தியார் இன்னும் ஒரு படி மேலே போய், மேற்கு விளிம்பு முழுவதையும் ஆற்று வண்டலில் செய்து பள்ளிக்கூடத்தில் வைக்கலாம் என்கிறார். எண்டெவர் மேல் விஞ்ஞானிகளுக்கு இருந்த ஆசையைக் கூட்டியது களிமண் கனிமங்கள். சுற்றுப்பாதையிலிருந்து அவற்றின் தடம் அந்த விளிம்பில் தெரிந்தது. அமிலம் இல்லாத தண்ணீர் இருந்த காலத்துக் களி அது. வண்டலில் செய்வது அதற்குப் பொருத்தம்தான். குயவரிடம் சலித்த மண் கேட்டிருக்கிறேன், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

இன்னும் மூன்று நிறுத்தங்கள் பாக்கி. 2010 டிசம்பர் முதல் 2011 மார்ச் வரை சாண்டா மரியா பள்ளத்தருகே நின்றபோது விளிம்பு ஆறு கி.மீ. தூரத்தில் இருந்தது, அதுவரை எல்லாம் ஒழுங்கு. கடைசி மூன்றும் 2011 ஜூலை, ஆகஸ்டைச் சேர்ந்தவை. ரோவர் போய்ச் சேர்ந்த கேப் யார்க் ரொம்பத் தாழ்வான மேடு, இத்தனை வருடம் பார்த்துக்கொண்டே வந்த கேப் டிரிபுலேஷன் தெற்கே ஒதுங்கி நிற்கிறது. கேப் யார்க்கை நெருங்க நெருங்க, அதைத் தாண்டிப் பள்ளத்தின் உட்புறம் திறக்கிறது. கிழக்கே சமவெளித் தொடுவானமே இல்லை, 22 கி.மீ.க்கு அப்பால் எதிர்விளிம்புதான் நிற்கிறது. எட்டுப் புள்ளியில் நான்குக்கு இடமில்லை.

திருத்துறைப்பூண்டி நண்பர் காலையில் திரும்பக் கூப்பிட்டார். கிழக்கை விட்டுவிட்டு, வந்த வழியான மேற்குப் பக்கத் தொடுவானத்திலேயே ஆறு புள்ளி குத்திப் பார்க்கலாம் என்கிறார். 25-ஆவது நிறுத்தத்தின் நேவ்கேம் படங்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன, பத்தில் ஏழு வந்துவிட்டன.