சர்க்கரை அட்டைக்காரன்

2017-இல் ரேஷனுக்கு ஸ்மார்ட் அட்டை வந்தபோது எங்கள் அட்டையில் என்.பி.எச்.எச்-எஸ் என்று அச்சாகியிருந்தது, அதாவது சர்க்கரை அட்டை. அரிசி கிடையாது, அதற்குப் பதில் சர்க்கரை கூடுதல். ரேஷன் அரிசியை யார் தின்பது என்று பல வருடம் முன்பு நானே எழுதிக்கொடுத்து வாங்கியது. "வர்றதை ஏண்டா வேண்டாங்கற" என்று அம்மா அப்போதே சொன்னார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். 2020 ஊரடங்கில் 18,000 ரூபாய் சம்பளம் பாதியானது. வாடகை 5,000. வண்டிக் கடனில் தவணையைத்தான் தள்ளிப்போட்டார்கள், வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. மளிகைக் கடையில் பாக்கி ஏற ஏற முதலில் நின்றது முட்டை, அப்புறம் மகளின் பால். ராத்திரியில் மனைவி "பசிக்கலைங்க" என்று சொன்னதை ஒரு மாதம் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் அரிசி அட்டைக்கு அரசு 1,000 ரூபாய் கொடுத்தது. எங்களுக்கு இல்லை. அட்டைப்படி நாங்கள் வசதியானவர்கள்.

டிசம்பரில், சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றலாம் என்று அறிவித்தார்கள். 5-ஆம் தேதியிலிருந்து 20 வரை அவகாசம். இணையத்தில் முயன்றேன், ஓடிபி வரவில்லை. அட்டையில் இருந்தது நான் எப்போதோ தொலைத்த நம்பர். சரி என்று அரை நாள் லீவு போட்டு வட்ட வழங்கல் அலுவலகத்துக்கே போனேன். அந்த அரை நாளும் பிடித்தம்தான். கேட்டது அட்டை நகலும் ஒரு மனுவும். காரணம் எழுதும் இடத்தில்தான் பேனா நின்றது. 'வருமானம் குறைந்ததால்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் என் இஸ்திரிச் சட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

ஜனவரியில் கடைக்காரர் அட்டையை மெஷினில் காட்டிவிட்டு, "மாறிடுச்சுங்க" என்றார். பொங்கல் பணம் 2,500 அப்படியே மளிகைப் பாக்கிக்குப் போனது. நாலு பேருக்கு மாதம் 20 கிலோ அரிசி. அம்மா முதலில் இட்லிக்குத்தான் போட்டார். சோற்றில் லேசாக ஒரு வாடை வரும், இரண்டு தண்ணீர் கூடுதலாகக் களைந்தால் போய்விடுகிறது.

அடுத்த மாதம் வரிசையில் எங்கள் சூப்பர்வைசர் நின்றார். "சர்க்கரை வாங்க வந்தேன்" என்றார். நானும் அதையே சொன்னேன். இருவர் கையிலும் சாக்குப்பை இருந்தது.