முதுகில் ஒரு துணி மூட்டை

ஹாங்காங்கில் குவுன் டோங் பகுதியில், ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ரசீதில், ஒரு கன்டெய்னர் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டேன். ஒரே ஓர் இலக்கம். பெட்டி துறைமுகத்தில் நின்றது, வாடிக்கையாளர் கத்தினார். மேலாளர் ஒரு வாரத்தில் அதை மறந்துவிட்டார். எனக்கு மறக்கவில்லை. அதன்பின் ஒவ்வொரு தாளையும் நான்கு முறை சரிபார்த்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி ஆளாகக் கிளம்புவேன்.

பக்கத்து மேசைப் பெண்மணியை எல்லோரும் 'ஜே' என்றுதான் கூப்பிடுவோம். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் அக்கா. ஒரு மாலை என் திரையை எட்டிப் பார்த்து, "ம் ஹோ மே ஜூ கோ பாவ்-ஃபுக்" என்றார். நான் விழிப்பதைப் பார்த்ததும், தோளுக்குக் குறுக்கே துணி கட்டியிருப்பது போலவும், மார்புக்கு நேரே அதன் முடிச்சை அவிழ்ப்பது போலவும் கையால் காட்டினார். அந்த மூட்டையைச் சுமந்துகொண்டே இருக்காதே என்கிறார்.

பாவ்-ஃபுக் என்றால் துணியில் சுற்றிக் கட்டிய மூட்டை. இன்று மனதை அழுத்தும் பாரத்துக்கும், கையைக் கட்டிப்போடும் பழைய விஷயங்களுக்கும் அதுதான் சொல். 'மே' என்பது முதுகில் சுமப்பது. குழந்தையை முதுகில் கட்டும் துணி 'மே டாய்'. பழி ஏற்பது 'மே வோக்', வாணலியைச் சுமப்பது.

நான் நம் வழக்கப்படி 'ஃபுக்கு' என்றேன். ஜே பொறுமையாகத் திருத்தினார்: கடைசி 'க்' வெளியே வரக்கூடாது, தொண்டையோடு நின்றுவிட வேண்டும். அப்புறம் தொனி. 'பாவ்' மேலே, 'ஃபுக்' கீழே. அதே 'ஃபுக்'கை மேலே ஏற்றிச் சொன்னால் நல்வாழ்வு. புத்தாண்டுக்குச் சிவப்புத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுவார்களே, அது.

பழைய மென்பொருளை ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்டால், 'லிக் சீ பாவ்-ஃபுக்', சரித்திர மூட்டை என்பார்கள். புதிதாக வந்து துணிந்து பேசுகிறவர் 'மோ பாவ்-ஃபுக்', மூட்டை இல்லாதவர். ஆனால் வீட்டுக் கடனுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் 'ஃபூ டாம்', அதாவது சுமை, என்ற சொல்தான் பொருந்தும்.

நம் 'கால்கட்டு' இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் கால்கட்டை அடுத்தவர் போடுவார்கள். என் மூட்டையை யாரும் கட்டிவிடவில்லை.

மறுநாள் ஒவ்வொரு தாளையும் இரண்டே முறை பார்த்து அனுப்பினேன். ஆறரை மணிக்கு ஜேயோடு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். வழி நெடுக, 'க்' வெளியே வராமல் அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.