கால் ஆறும்வரை மூக்குக்கு வேலை

எங்கள் நாய் பொம்மிக்குப் பின்னங்கால் முட்டியில் ஜவ்வு கிழிந்து, டிபிஎல்ஓ என்ற அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. முட்டிக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனையை வெட்டி, கொஞ்சம் திருப்பி வைத்து, தகடும் திருகும் போட்டு இறுக்கிவிடுவார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர ஏறக்குறைய 8 வாரம் பிடிக்கும். அதுவரை ஓட்டம், குதி, படி, சோபா எதுவும் கூடாது. கழிவுக்கு மட்டும் குட்டைக் கயிற்றில் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டு போய்வரலாம்.

முதல் சில நாட்கள் மருந்து மயக்கத்திலேயே கழிந்துவிட்டன. சிரமம் அதற்குப் பிறகுதான். வலி சீக்கிரமே குறைந்துவிடுகிறது, எலும்போ இன்னும் கூடவில்லை. நாய்க்குத் தனக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றும். ஓடித்திரிந்த உடம்பை ஒரு சின்னக் கம்பித் தடுப்புக்குள் வைத்திருந்தோம். படுக்கையைப் பிறாண்டுவாள், காரணமே இல்லாமல் குரைப்பாள், நல்ல காலின் பாதத்தை ஓயாமல் நக்குவாள். தேவைப்பட்டால் அமைதிப்படுத்த மாத்திரை தருவதாக மருத்துவர் சொன்னார். கூடவே, “கால்தானே ஓய்வெடுக்கணும், மூளைக்கு வேலை கொடுங்க” என்றும் சொன்னார். எங்களைக் கரை சேர்த்தது அந்த ஒரு வரிதான்.

முதல் வேலையாகச் சாப்பாட்டுத் தட்டை எடுத்து உள்ளே வைத்தோம். அன்றைக்குரிய உணவு முழுவதையும் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவோம். விளையாட்டோ பயிற்சியோ, எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுப்போம். தனியாகத் தின்பண்டம் கொடுத்தால் அசையாமல் கிடக்கும் நாய்க்கு எடை ஏறும், அந்தப் பாரம் நேராக முட்டியில்தான் இறங்கும்.

துண்டுச் சுருள்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பழைய குளியல் துண்டை விரித்து, உலர் உணவை ஒரு பிடி தூவி, தளர்வாகச் சுருட்டி அவள் முன்னால் வைத்துவிட வேண்டும். படுத்தபடியே முன்னங்காலால் ஒரு ஓரத்தை அழுத்திக்கொண்டு, மூக்கால் மறுபக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பிரிப்பாள். ஒரு மடிப்பு விரிந்ததும் நாலைந்து உருண்டைகள் வெளியே வரும். அடுத்த மடிப்புக்குள் மூக்கை நுழைத்து உள்ளிழுப்பாள். மூக்கின் இரு பக்கக் கீறல்களும் விரிந்து விரிந்து மூடுவது பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். நாய்கள் முகரும்போது மூச்சை அந்தக் கீறல் வழியாகத்தான் வெளியே விடுகின்றன. முன்பக்கத்து வாசனை கலையாமல் இருப்பது அதனால்தான். வேலை முடிந்ததும் துண்டின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிடுவாள்.

மூக்கு வேலைக்கு இவ்வளவு பலன் ஏன் என்று தேடிப் படித்தேன். நமக்கு வாசனை உணரும் ஏற்பிகள் சுமார் 60 லட்சம் என்றால், நாய்களுக்கு அது 30 கோடி வரை போகும் என்கிறார்கள். 2019-ல் சார்லட் டுராண்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடப் பழகியது. இன்னொன்று உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகியது. பிறகு, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தபோது, மோப்பக் குழு முன்பைவிட வேகமாகப் போய்ப் பார்த்தது. அதாவது, நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்கும் மனநிலை அந்த நாய்களுக்கு வந்திருந்தது. அடைபட்டுக் கிடக்கும் நாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் மகள் மூன்று கோப்பைகளைக் கவிழ்த்து வைத்து, ஒன்றின் அடியில் மட்டும் உணவை ஒளித்து வைப்பாள். மூக்கால் தொட்டால் போதும், கோப்பையை மகள்தான் தூக்குவாள். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நேரத்தில் கடினமான புதிர் உதவாது. கண்டுபிடிக்க முடியாவிட்டால் முனகல் வரும், அப்புறம் கோப்பையைக் கடிப்பாள், அப்புறம் எழுந்து நிற்கப் பார்ப்பாள். முனகல் கேட்டவுடனே சுலபமாக்கி, அவள் ஜெயித்த இடத்தில் முடித்துக்கொள்வோம். கயிறு இழுப்பது, பந்து வீசுவது போல வெறியேற்றும் விளையாட்டுகள் பக்கமே போகவில்லை.

தையலை நக்காமல் இருக்க மாட்டிவிடும் கூம்பு கழுத்தில் இருக்கும்போது துண்டு விளையாட்டு நடக்காது. பக்கத்தில் ஒருவர் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தால் மட்டும் கூம்பைக் கழற்றுவோம். மற்ற நேரத்துக்கு, அவளுடைய உணவையே ஊறவைத்துக் குழைத்து, குழியுள்ள ரப்பர் பொம்மையில் அடைத்து உறையவைத்துக் கொடுத்தோம். நக்க நக்க நாய்க்குப் பதற்றம் தணிகிறது என்பதை நான் கண்கூடாகப் பார்த்தேன். சிலர் இதற்குப் பீனட் பட்டர் பூசுவார்கள். பூசுவதென்றால் டப்பாவில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த இனிப்பு நாய்களுக்கு விஷம்.

பயிற்சிகளில் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, தாடையை வைக்கப் பழக்கியது. உள்ளங்கையை நீட்டினால் அதில் தாடையை வைக்க வேண்டும், ஒரு நொடி வைத்தாலும் உணவு. நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். பிறகு தாடை கையில் இருக்கும்போதே மற்றவர் காலைத் தொடுவார், அதற்கும் உணவு. தாடையை எடுத்தால் உடனே தொடுவதை நிறுத்திவிடுவோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறது என்று புரிந்ததும், அவள் தாடையை எடுப்பதே குறைந்துவிட்டது. தையல் போட்ட இடத்தைத் தினமும் பார்ப்பதற்கு இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

அழைப்பு மணிதான் பெரிய ஆபத்தாக இருந்தது. சத்தம் கேட்டதும் துள்ளி எழுவாள். மணிச் சத்தத்தை மொபைலில் பதிவுசெய்து, மிகக் குறைந்த ஒலியில் வைத்து, ஒலித்த உடனே படுக்கையில் உணவைத் தூவினோம். மெதுவாக ஒலியைக் கூட்டினோம். கடைசியில் நிஜ மணி அடித்தாலும் வாசலைப் பார்க்காமல் படுக்கையை முகர ஆரம்பித்தாள்.

பொம்மைகளுக்குப் பெயர் சொல்லியும் கொடுத்தோம். சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றதாக ஜான் பில்லி என்ற உளவியலாளர் ஆய்வு எழுதியிருக்கிறார். பொம்மி ஒரு சிலவற்றோடு நின்றுகொண்டாள். எடுத்து வர வேண்டாம், தொட்டால் போதும் என்பதால் படுத்தே விளையாடினாள்.

நாள் முழுக்க விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதி நேரம் தூங்கும். பத்து நிமிட வேலை, அப்புறம் நல்ல தூக்கம் என்று போனாலே போதும். அமைதிக்கான மாத்திரை எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் எல்லா நாயும் ஒன்றல்ல. தேவைப்படும் நாய்க்கு அதைக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருப்பதைப் பார்த்த பிறகு, நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். ஆனாலும் துண்டுச் சுருளும் தாடைப் பயிற்சியும் தினமும் தொடர்கின்றன. ஒரு காலில் ஜவ்வு கிழிந்த நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு மறு காலிலும் கிழிய வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கம்பித் தடுப்பை மடித்து வைக்காமல், கதவைத் திறந்தபடி அங்கேயே விட்டிருக்கிறோம். தினமும் ஒரு வேளைச் சாப்பாடு அதற்குள்தான்.