முயலின் மூளைக்குச் செல்லும் செய்தி

கறவை மாடுகளோடு பழகிய கால்நடை மருத்துவர் ஒருவர் முதன்முதலாக முயல் பண்ணைக்குள் நுழையும்போது, இனப்பெருக்கம் குறித்து அவர் கற்றிருந்த நாள்கணக்கு முழுவதையும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் நேர்ந்தது. பசுவுக்கு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவம் வரும். காளை அருகில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருமுட்டை தன் நேரத்தில் வெளியேறிவிடும். அந்த நேரத்தைக் கணித்துச் சினை ஊசி போடுவதே எங்கள் வேலை. பெண் முயலுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. அதன் சூலகத்தில் முதிர்ந்த முட்டைகள் காத்திருக்கின்றன. இனச்சேர்க்கை நடந்தால், 10 முதல் 12 மணி நேரம் கழித்து அவை வெளிப்படுகின்றன. நடக்காவிட்டால் சிதைந்து, அடுத்த தொகுதிக்கு இடம் விடுகின்றன.

மலைப்பகுதிப் பண்ணைகளில் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா இன முயல்களைச் சேர்க்கும்போது, பெண் முயலைத்தான் ஆணின் கூண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும்; தன் கூண்டுக்குள் வரும் ஆணைப் பெண் முயல் கடித்துத் துரத்திவிடக்கூடும். இனப்பெருக்க உறுப்பின் வெளிப்புறம் வெளிறியிருந்தால் அது தயாராக இல்லை. சிவந்து ஈரமாக இருந்தால் தயார். ஆண் முயல் சில நொடிகளில் சேர்ந்து, பெரும்பாலும் ஒரு சிறு ஒலியெழுப்பிப் பக்கவாட்டில் சரிந்து விழும். பண்ணையாளருக்கு வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. முயலின் உடலிலோ அப்போதுதான் தொடங்குகிறது. யோனியிலும் கருப்பை வாயிலும் பிறந்த நரம்புத் தூண்டல் தண்டுவடம் வழியாக மூளைத்தண்டை அடைய, அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் வரை நீளும் நரம்புகள் நோர்அட்ரினலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் வெளிப்படும் ஜி.என்.ஆர்.ஹெச். என்னும் ஹார்மோன் நுண்ணிய இரத்தக் குழாய்களில் இறங்கி, மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியை எட்டுகிறது, பிட்யூட்டரி முட்டையை வெளியேறச் செய்யும் எல்.எச். ஹார்மோனைப் பெருமளவில் இரத்தத்தில் விடுகிறது.

இந்தப் பாதையைக் கண்டறிந்த விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. முயலின் முட்டை வெளியேறச் சேர்க்கை தேவை என்பதை வால்டர் ஹீப் 1905இல் விரிவாக எழுதினார். சேர்க்கைக்குப் பின் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் பிட்யூட்டரியை அகற்றினால் முட்டை வெளியேறுவதில்லை, அதற்குப் பின் அகற்றினால் வெளியேறிவிடுகிறது என்று ஃபீ, பார்க்ஸ் இருவரும் 1929இல் காட்டினர். 1937இல் ஜெஃப்ரி ஹாரிஸ் ஹைபோதலாமஸ் பகுதியை மின்சாரத்தால் தூண்டி, சேர்க்கை இல்லாமலேயே முட்டையை வெளியேறச் செய்தார். 1940களில் சார்ல்ஸ் சாயரும் உடன் பணியாற்றியவர்களும், அட்ரினலின் வகை வேதிப்பொருட்களைத் தடுக்கும் டைபெனமின் என்னும் மருந்தைச் சேர்க்கை முடிந்த ஒரு நிமிடத்துக்குள் செலுத்தினால் மட்டுமே முட்டை வெளியேற்றத்தைத் தடுக்க முடிகிறது என்று கண்டனர். பிட்யூட்டரிக்கு ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது; மூளை தன் பங்கை ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

முயலுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்யும்போது விந்தை மட்டும் செலுத்தினால் பொதுவாகப் பயன் இருப்பதில்லை. அந்த நரம்புச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராததே காரணம். ஆகவே புசெரலின் போன்ற, ஜி.என்.ஆர்.ஹெச்.ஐ ஒத்த மருந்தையும் உடன் செலுத்துகிறார்கள். ஷாலி, கியேமின் ஆகியோரின் ஆய்வகங்கள் பத்து அமினோ அமிலங்கள் கொண்ட அந்த ஹார்மோனின் அமைப்பை 1971 வாக்கில் கண்டறிந்திராவிட்டால் இந்த ஊசியே இருந்திருக்காது. ஒட்டகக் குடும்பத்தில் நிலைமை வேறு: விந்துத் திரவத்திலேயே உள்ள நரம்பு வளர்ச்சிப் புரதம் ஒன்று முட்டையை வெளியேறத் தூண்டுகிறது என்பது 2012இல்தான் உறுதியானது. பூனைக்கோ முட்டை வெளியேறப் பெரும்பாலும் ஒருமுறை சேர்வது போதாது.

வேலையில் எனக்கு மிகவும் பயன்பட்டது பொய்ச்சினை, அதாவது கரு இல்லாமலேயே சினைபோல உடல் நடந்துகொள்ளும் நிலை, பற்றிய அறிவு. ஒரு பண்ணையில், ஆண் முயலையே பார்த்திராத பெண் முயல் ஒன்று தன் மார்பு முடியைப் பிடுங்கிக் கூண்டின் மூலையில் மெத்தை போட்டிருந்தது. "குட்டிய எலி தூக்கிட்டுப் போயிருக்குமா சார்?" என்று பண்ணையாளர் கவலையோடு கேட்டார். வளர்ந்த பெண் முயல்கள் பல ஒரே கூண்டில் இருந்தன. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுகூடச் சில சமயம் மூளையைத் தூண்டப் போதுமானது. முட்டை வெளியேறியதும் சூலகத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்னும் திசு, சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனை 16 முதல் 18 நாட்கள் சுரக்கும். அது வடிந்து, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் மேலோங்கும்போது முயல் கூடு கட்டத் தொடங்கும். உண்மைச் சினையில் இது நிகழ்வது ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துத்தான்.

பொய்ச்சினை நாட்களில் அந்த முயலைப் பிடித்து வைத்து ஆணோடு வலுக்கட்டாயமாகச் சேர்ப்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். சினை பிடிக்காது, விலங்குக்கு மிஞ்சுவது அச்சம் மட்டுமே. பன்னிரண்டு முதல் பதினான்காம் நாளுக்குள் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தால், உண்மைச் சினையில் கருக்கள் கோலிக்குண்டுகள் போல விரலில் தட்டுப்படும். பொய்ச்சினையில் எதுவும் தட்டுப்படாது. அந்தப் பண்ணையாளரிடம் நான் சொன்னது இரண்டே செய்திகள்: மூன்று மாதம் கடந்த பெண் முயல்களைத் தனித்தனிக் கூண்டுக்கு மாற்ற வேண்டும், மாற்றிய நாளிலிருந்து 18 நாட்கள் கழிந்த பின்னரே ஆணிடம் கொண்டுசெல்ல வேண்டும்.