வெளியீட்டு விழாவில் சொல்லாதவை

யாழ்ப்பாணத்துப் புத்தக வெளியீட்டு விழாக்களில் ஆய்வுரை என்று நடப்பது பெரும்பாலும் வாழ்த்துரைதான். முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை, ஏற்புரை எல்லாம் முடிந்து, வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரிக்கிறவருக்கு எங்கே தொடங்கலாம், எதை நம்பலாம், எதைத் தாண்டிப் போகலாம் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மிச்சம்தான் இது. பழசு, புதுசு, கதை, வரலாறு, கணக்கு எல்லாம் கலந்து வரும்.

யாழ்ப்பாண வைபவமாலை பற்றி மேடைக்கு மேடை பேசுவார்கள்; முழுக்கப் படித்தவர்கள் குறைவு. மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டதற்காக யாழ்ப்பாண வரலாற்றைச் சொல்லி எழுதிய உரைநடை நூல். 1736 என்று ஆண்டு குறிப்பது வழக்கம். கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவற்றைப் பார்த்து எழுதியதாக நூலிலேயே இருக்கிறது. கடைசி இரண்டும் இன்று கிடைப்பதில்லை. ஆகவே புலவர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று முழுதாக ஒத்துப்பார்க்க வழியில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு திறக்க வேண்டும்.

பெரிய சிக்கல் ஆண்டுகளில். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் புவனேகவாகு கட்டியதாகச் சொல்லும் தனிச்செய்யுள் சகாப்தம் 870 என்கிறது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கி.பி. 948. ஆனால் கோட்டை இராச்சியத்துக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்து, பின்னர் ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் முடிசூடிய செண்பகப்பெருமாள் 15ஆம் நூற்றாண்டு ஆள். இடையில் ஐந்நூறு வருடம். வைபவமாலையோ புவனேகவாகுவை யாழ்ப்பாணத்தை ஆண்ட முதல் ஆரியச் சக்கரவர்த்தியின் மந்திரி என்கிறது. நல்லூர்க் கோயிலில் சொல்லப்படும் கட்டியத்தில் வருவது சங்கபோதி புவனேகபாகு என்ற அரசப் பெயர். யாழ்ப்பாண அரசன் சங்கிலி விஷயத்திலும் இதே குளறுபடி. 16ஆம் நூற்றாண்டில் மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவனும் 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசை இழந்தவனும் வேறு வேறு ஆட்கள். நூல் இரண்டு பேரையும் ஒருவனாக்கிவிடுகிறது. நடுவில் ஆண்ட அரசர்கள் காணாமல் போகிறார்கள்.

அதற்காக நூலைத் தூக்கி எறியத் தேவையில்லை. விசயன், குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லி, யாழ்ப்பாடி வரும் முன்பகுதியைப் புராணமாகப் படியுங்கள். அரசர் வரிசையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு சந்தேகத்தோடு படியுங்கள். பரங்கியர், ஒல்லாந்தர் காலப் பகுதிதான் கெட்டி. புலவர் காலத்துக்குக் கிட்டியது, கேள்விப்பட்ட சங்கதிகளும் அதிகம். குல. சபாநாதன் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், குறிப்புகள் இருக்கின்றன. குறிப்பில்லாத வெறும் மறுபதிப்பு இந்த நூலுக்கு உதவாது. பக்கத்தில் சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை (1928) வைத்துக்கொள்வது நல்லது. வைபவமாலையை அவர் உரிக்கிற விதம் வடிவாக இருக்கும். ஆனால் ஊர்ப் பெயர்களுக்கு அவர் சொல்லும் மூலங்களை அப்படியே விழுங்கிவிட வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் அவருக்குக் கை நிற்காது.

கே. டானியலின் சாதி எதிர்ப்பு நாவலான பஞ்சமரை (1972) இலக்கியமா பிரசாரமா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும்தான். ஆட்கள் கதைக்கத் தொடங்கினால் அந்தப் பேச்சுக்கு ஈடாக ஈழத்து நாவலில் அதிகம் இல்லை; ஆசிரியர் குரல் எழுந்தால் கூட்டத்து ஒலிபெருக்கி வந்துவிடும். அந்த இடங்களை வேகமாகக் கடந்தால் ஒன்றும் குறையாது. இளம் வாசகர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். பின்னணி தெரியாமல் இறங்கினால் ஏன் தேநீர்க்கடையில் இவ்வளவு சண்டை என்று புரியாது. சாதியின் பெயரால் பொது இடங்களில் தடை போடுவதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று கடையில் வைக்கும் தனிப்பேணி போகவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சாதித் தடைக்கு எதிரான ஊர்வலம், அதன் பிறகு சங்கானைத் தேநீர்க்கடைப் போராட்டம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நுழைவுப் போராட்டம். இந்த நாலு வரியையும் முன் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டுப் படியுங்கள். பாத்திரங்கள் நிறைய; ஆர் ஆருக்கு என்ன முறை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் திரும்பத் திரும்பப் பின்னுக்குப் புரட்ட வேண்டி வராது.

டானியலை முதன்முதல் எடுக்கிறவருக்குப் பஞ்சமரைக் கொடுப்பது பிழை என்பது என் கட்சி. கானல் சின்ன வட்டம், இறுக்கமான கதை: வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) மாறினால் சாதி போகுமா என்ற ஒரே கேள்வி. பெயரிலேயே பதில் இருக்கிறது. அடுத்து தண்ணீர். ஆறில்லாத குடாநாட்டில் கிணறு யாருடையது என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதை வரலாற்றுப் புத்தகங்களை விட அது நன்றாகக் காட்டும். பிறகு பஞ்சமருக்கு வரலாம்.

செங்கை ஆழியானின் வாடைக்காற்று நாவல் நடப்பது நெடுந்தீவுக் கடற்கரையில். பருவத்துக்கு வந்து வாடி (தங்கும் கொட்டில்) போடும் மீனவர், கூழைக்கடாப் பறவைகள், காற்று திரும்புவது, எல்லாம் அச்சொட்டு. எழுதியவர் புவியியல் படித்தவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். காதல்தான் பலவீனம். 1978இல் படமாக்க உதவியது அதுவாகத்தான் இருக்கும், இன்று வாசிக்கப் பொறுமை வேண்டும்.

ஷோபாசக்தியின் கொரில்லா நாவலில் (2001) அடிக்குறிப்புகளைத் தாண்டுகிறவர்கள் அரைப் புத்தகம்தான் படிக்கிறார்கள். பாதி நகைச்சுவை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அகதி விண்ணப்பத்தின் வறண்ட நடைக்கும் தீவுப்பகுதிப் பேச்சுக்கும் நடுவில் மாறி மாறிப் போகிறது கதை. அந்த மாற்றமே அதன் பலம். பாரிஸுக்குப் போன பிறகு வேறொரு சிறுகதையை ஒட்டிய மாதிரித் தெரியும். முடிவு பிடிக்கவில்லை என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் குறும்பா (1966) ஒரே மூச்சில் படிக்கிற புத்தகம் அல்ல. ஐந்தடி, இறுக்கமான இயைபு, கடைசி அடியில் ஒரு குத்து. தொடர்ந்து பத்துப் படித்தால் பதினோராவதின் குத்து முன்கூட்டியே தெரிந்துவிடும். நாளைக்கு இரண்டு, அதுவும் வாய்விட்டு. காலனுக்கே முத்தைக் கொடுத்துத் தப்பிய முத்துக்குளிப்பவனின் குறும்பா எல்லாருக்கும் தெரியும். மற்றவற்றில் ஒரு பங்கு வெறும் சாமர்த்தியம். சிரிப்பை விட்டு அவரைப் பார்க்க வேண்டுமானால் தேரும் திங்களும் என்ற கவிதைக்குப் போங்கள்.

இங்கிலிஷில் ஒன்று. லெனார்ட் வுல்ஃபின் குரோயிங் (1961), 1904 முதல் 1911 வரை இலங்கையில் பிரித்தானிய அரசாங்க உத்தியோகம் பார்த்த காலத்து நினைவுகள். முன்பகுதி யாழ்ப்பாணம். நாயோடும் வோல்டேர் தொகுதிகளோடும் வந்து இறங்கிய இளைஞன். மரிச்சுக்கட்டியில் 1906 முத்துக்குளிப்பு நடந்த பகுதியைக் கட்டாயம் படியுங்கள்: முகாம், சிப்பி அழுகும் நாற்றம், கூட்டத்தை அடக்கும் வேலை. அந்தத் தொழிலைப் பற்றி நேரில் நின்று எழுதிய பக்கங்களில் இவை முதல் வரிசை. யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி ஒருவரின் முகத்தில் குதிரைச் சவுக்கால் அடித்ததாக அவர் மேல் முறைப்பாடு எழுந்ததையும் எழுதுகிறார். தெருவுக்குள் நீண்ட விறாந்தையைச் சவுக்கால் காட்டினேன், அவ்வளவுதான் என்பது அவர் தரப்பு. ஐம்பது வருடத்துக்குப் பிறகு, வென்ற பக்கத்திலிருந்து எழுதும் மனிதர் என்பதை மறக்க வேண்டாம். இங்கத்தைய ஆட்களுக்குப் பெயரும் குரலும் குறைவு. மேலதிகாரிகளுக்குத்தான் முழு உருவம்.

முறிந்த பனை (1990) பாரமான புத்தகம், எல்லா அர்த்தத்திலும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் போரைப் பற்றி எழுதியது. அவர்களில் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். முதலிலிருந்து படிக்கத் தொடங்கி அரசியல் பின்னணியிலேயே களைத்து மூடிவைக்கிறவர்கள் அதிகம். இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1987 ஒக்டோபர் சம்பவங்களின் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள்: ஆஸ்பத்திரிப் படுகொலை, முகாம்கள், வீடு வீடாக நடந்தவை. பிறகு பின்னணிக்குத் திரும்பினால் அது தானாகப் பொருந்தும். சம்பவங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியது என்பதால் சில முடிவுகள் பிறகு மாறியிருக்கின்றன. சாட்சியங்கள் மாறவில்லை.

வாங்கும்போது ஒரு சின்ன வேலை. புத்தகம் பெரும்பாலும் பதினாறு பக்கப் பாரங்களாக (ஒரே தாளில் அடித்து மடிக்கும் கட்டுகளாக) அடிக்கப்படுகிறது. கட்டும்போது ஒரு பாரம் விடுபடுவதும் ஒன்றே இரண்டு முறை வருவதும் நடக்கும். 16, 32, 48 என்று அந்தந்தப் பக்க எண்ணுக்கு அடுத்தது சரியாக வருகிறதா என்று கடையிலேயே தட்டிப் பாருங்கள். வீட்டில் சுவரோடு ஒட்டி அடுக்க வேண்டாம், மாரியில் ஈரம் ஏறும். கறையானும் சுவர் வழியாகத்தான் வரும்.

கடைசியாக, ஆய்வுரையே இல்லாமல் வருடா வருடம் விற்கும் புத்தகம்: பஞ்சாங்கம். வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைத்தூரம் 12 பாகை கூடினால் ஒரு திதி. இது இரண்டுக்கும் பொது. சந்திரன் நிற்கும் இடத்தை வாக்கியக்காரர் எண்களைச் சொற்களில் பொதித்த பழைய 248 வாக்கியங்களை வைத்துக் கணிக்கிறார்கள். திருக்கணிதம் வானத்தில் காண்பதற்கு ஏற்பத் திருத்திய கணக்கு. அதனால் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் மணிக்கணக்கில் விலகும். மெதுவாக நகரும் சனியில் இது மாதக்கணக்காகிவிடும்: கடைசிச் சனிப்பெயர்ச்சி திருக்கணிதத்தில் 2025 மார்ச் 29, வாக்கியத்தில் 2026. கோயில் திருவிழாவுக்கு அந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே பாருங்கள். கிரகணம் பார்க்கத் திருக்கணிதம். சாதகம் கணித்தவரிடம் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நட்சத்திரம் முடிகிற நேரத்துக்குக் கிட்டப் பிறந்த பிள்ளைக்கு இரண்டு சாத்திரியார் இரண்டு நட்சத்திரம் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.