காலை நாலு மணிக் குளிர்காற்று

அணுக்கருவை விட்டு வெளியே வந்த நியூட்ரான் சராசரியாக 15 நிமிடம்கூடத் தாங்காது. புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ என்று மூன்றாகிவிடும். ஆனால் கற்றையாகப் பாயும்போது எங்கள் கருவிக்குள் ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போதும். கணக்குப் போட்டால், பத்து லட்சம் நியூட்ரான் போனால் ஏறக்குறைய ஒன்றுதான் எங்களுக்காகச் சிதையும். மிச்சமெல்லாம் கற்றை முடியும் இடத்தில் மோதி, காமா கதிரைக் கிளப்பி, எண்ணிக்கையைக் கெடுக்கும்.

நியூட்ரான்களின் தற்சுழற்சியை ஒரே பக்கம் திருப்பி வைத்து, எலக்ட்ரான் அந்தப் பக்கம் எத்தனை, எதிர்ப்பக்கம் எத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. எதிர்ப்பக்கம் கூடுதலாக வரும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் எங்கள் பிழைப்பு.

எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அளவுகோல் சரிதானா என்று பார்க்க வெள்ளீயம்-113 என்ற கதிரியக்க மூலத்தை அடிக்கடி உள்ளே இறக்குவோம். அதன் எலக்ட்ரான்கள் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்குப் பக்கத்தில் வரைபடத்தில் ஒரு முகடு காட்டும். இரவு ஷிஃப்டில் ஒருநாள் கவனித்தேன்: நாலு மணிக்கு மேல் முகடு மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது, ஒரு டிடெக்டரில் மட்டும். மறுநாளும் அதே நேரம், அதே டிடெக்டர்.

"தற்சுழற்சியை அடிக்கடி புரட்டுகிறோமே, தானாகக் கழிந்துவிடும்" என்றார் சீனியர். எனக்கு ஒப்பவில்லை. இரண்டு பக்க எண்ணிக்கையின் ஏற்றத்தாழ்வே எலக்ட்ரானின் வேகத்தைப் பொறுத்து மாறும். ஆற்றல் அளவுகோல் வழுக்கினால் விடையும் வழுக்கும். மின்சுற்று, உயர் மின்னழுத்தம், கேபிள் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு இரண்டு வாரம் போனது. கடைசியில் ஒருநாள் விடியுமுன் டிடெக்டர் பக்கத்தில் நின்றபோது பிடரியில் சில்லென்று காற்று பட்டது. கூடத்தின் குளிர்காற்றுக் குழாய் நாலு மணிக்குத் தானாகத் திறந்து, டிடெக்டரின் மெல்லிய ஒளியை மின்குறியாக்கிப் பெருக்கும் போட்டோமல்டிபிளையர்கள் மேலேயே வீசிக்கொண்டிருந்தது. அவை குளிர்ந்தால் பெருக்கம் கூடும். ஓர் அட்டையை வைத்து டேப் ஒட்டினேன். முகடு நின்றது.

நியூட்ரானின் ஆயுளை இரண்டு விதமாக அளக்கிறார்கள். புட்டியில் அடைத்து மிஞ்சியதை எண்ணினால் 878 நொடி. கற்றையில் பிறக்கும் புரோட்டானை எண்ணினால் 888க்குப் பக்கம். நியூட்ரான் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளாக (டார்க் மேட்டர்) மாறுகிறதோ என்றுகூடக் கட்டுரைகள் வந்தன. எனக்கென்னவோ, எங்கோ இன்னொரு குழாய் திறந்திருக்கிறது என்றுதான் படுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

எங்கள் விடை எங்களுக்கே நெடுநாள் தெரியாது. தற்சுழற்சி எவ்வளவு சீராக ஒரே பக்கம் திரும்பியிருந்தது என்ற எண்ணை வேறொரு குழு தன்னிடமே வைத்திருந்தது. திருத்தமெல்லாம் முடித்துப் பூட்டிய பிறகுதான் தந்தார்கள். அதனால் வகுத்தோம். முந்தைய அளவீடுகளோடு ஒத்துத்தான் போனது. கைதட்டினார்கள், சரி. நான் கூடத்துக்குப் போய்ப் பார்த்தேன். டேப் ஒரு முனையில் பிரிந்திருந்தது. அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன்.