இரண்டு பட்டையும் மூன்று நடையும்: என் பிக்கப்புக்கு எஃப்சி வாங்கிய கதை

போன வாரம்தான் எஃப்சி, அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ், கைக்கு வந்தது. மூன்று நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் ஓட்டம் போனது, நடுவில் வேலைக்காக வண்டி நின்றது ஐந்து நாள். இத்தனைக்கும் வண்டியில் தானாக வந்த கோளாறு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் நானே ஆசைப்பட்டு வீட்டு வாசலில் வைத்து மாட்டியவை. இதே ஆசையோடு ஸ்பானரைக் கையில் எடுக்கப் போகிறவர்கள் ஒரு தடவை இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

வண்டி 2017 பொலேரோ பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி, முருங்கை ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவேன். பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். எட்டு வயது வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி, அதற்கு மேல் வருஷா வருஷம். என் வண்டி அந்த வயதைத் தாண்டிவிட்டது.

போன எஃப்சிக்குப் பிறகு நான் செய்தவை இவ்வளவு: முன்னால் கனமான இரும்பு கார்டு, ஹெட்லைட்டில் எல்இடி பல்பு, கேபின் மேலே ஒரு எல்இடி பார், லோடு பாடியின் தரையில் செக்கர் தகடு (வழுக்காமலிருக்கப் புடைப்பு போட்ட இரும்புத் தகடு), பின் சக்கரம் இரண்டுக்கும் லோடைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டை தலா இரண்டு கூடுதல். செய்து முடித்தபோது வண்டி பார்க்கக் கம்பீரமாக இருந்தது. லோடு ஏற்றினால் பின்பக்கம் முன்போல உட்காரவில்லை. அதைப் பார்த்து நானும் மச்சானும் சந்தோஷப்பட்டோம். பின்னால் எங்களைப் பாடாய்ப் படுத்தியது அந்தச் சந்தோஷம்தான்.

விண்ணப்பம், கட்டணம், தேதி எல்லாம் ஆன்லைனில் அரை மணி நேரத்தில் முடிந்தது. முதல் நடை காலை ஒன்பது மணிக்கே ஆர்டிஓ ஆபீஸில் போய் நின்றேன். பதினொன்றரைக்கு என் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் பேப்பரைப் புரட்டிவிட்டு, "பசுமை வரி கட்டல, கட்டிட்டு வாங்க" என்று திருப்பித் தள்ளினார். எங்கே கட்டுவது, எவ்வளவு என்று கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏழு வருஷம் தாண்டிய போக்குவரத்து வண்டிகளுக்குப் பசுமை வரி உண்டு. இன்சூரன்ஸ், பொல்யூஷன், ரோடு டாக்ஸ் எல்லாம் பார்த்து வைத்தவன் இதை மட்டும் விட்டிருந்தேன். வெளியே ஜெராக்ஸ் கடையில் கட்டி, ரசீதோடு மறுபடி வரிசையில் நின்றேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிக்குப் பக்கத்தில் வரும்போது மணி மூன்று.

அவர் வண்டியை ஒரு சுற்றுதான் சுற்றினார். "கார்டைக் கழட்டுங்க. மேல இருக்கிற லைட்டைக் கழட்டுங்க. ஹெட்லைட்டுல கம்பெனி பல்பு போடுங்க. ரிஃப்ளெக்டர் டேப்பை மாத்துங்க. அப்புறம் வாங்க." அன்றைய கதை அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி மாறுபடும் மாதிரி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்தில் உரிமையாளருக்குத் தனியாகத் தண்டனையும் சேர்த்துவிட்டார்கள்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். என் வண்டியில் இருந்ததை எண்ணிப் பாருங்கள். முன் கார்டு விஷயத்தில் 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. ரோட்டில் நடந்து போகிறவர் மேல் பட்டால் அந்த இரும்பு அவரை விடாது. நேராகச் சேஸிஸில் போல்ட் போட்டு மாட்டுவதால், மோதினால் அந்த அடியும் நேராகச் சேஸிஸுக்குத்தான் போகும். கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். வாங்கிய விலையில் கால்வாசிகூட வரவில்லை.

லைட் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த வேலை மொத்தத்திலும் எனக்கு மனசு நிறைந்த இடம் இது ஒன்றுதான்.

நான் எல்இடிக்குப் போனதற்குக் காரணம், கம்பெனி லைட் மங்கலாக இருந்தது. பொள்ளாச்சி தாண்டினால் புளியமர நிழலில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஹாலஜன் பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்இடியைச் சொருகினால், வெளிச்சம் வர வேண்டிய புள்ளியிலிருந்து வராமல் நாலா பக்கமும் சிதறும். ரோட்டில் விழுவதைவிட எதிரே வருகிறவர் கண்ணில் விழுவது அதிகம். ராத்திரி முழுக்க எதிரே வந்தவர்களெல்லாம் டிப் அடித்தது அதனால்தான்.

திரும்ப 60/55 வாட் ஹாலஜனை மாட்டினேன். மீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வைத்துப் பார்த்தேன்: 14 வோல்ட். பல்பு ஹோல்டரில் வைத்தேன்: 11.4. நடுவில் இரண்டரை வோல்ட் காணாமல் போயிருக்கிறது. பழைய ஸ்விட்ச், மெல்லிய ஒயர், கறுத்துப்போன கனெக்டர் எல்லாம் சேர்ந்து தின்றுவிட்டன. ஹாலஜனில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். ஆக, குறை பல்பில் இல்லை, ஒயரில்.

இரண்டு ரிலே வாங்கினேன், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்தான் ரிலே. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த ஒயர் ரிலேயின் 30-ஆம் காலுக்கு. 87-லிருந்து பல்புக்கு. முன்பு பல்புக்குப் போன ஸ்விட்ச் ஒயர் இப்போது 86-க்கு, 85 பாடி எர்த்துக்கு. பல்பின் எர்த்தையும் பெயின்ட் சுரண்டிய இடத்தில் புதிதாகப் போட்டேன். ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்கட்டும். அது இல்லாமல் ஒயர் எங்காவது உரசினால் வண்டியே எரிந்துவிடும். ஒரு மதியத்தில் முடிந்தது. மறுபடி மீட்டர் வைத்தால் 13.6. அன்று ராத்திரி லைட்டைப் போட்டபோது தெருக்கோடி வேப்பமரம் வரை பளிச்சென்று தெரிந்தது. அதே கம்பெனி பல்புதான். தயவுசெய்து 100/90 வாட் பல்பு மட்டும் வாங்காதீர்கள், ஹோல்டர் உருகிவிடும்.

டேப் சின்ன விஷயம், ஆனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். ஸ்டிக்கர் கடையில் மீட்டர் கணக்கில் விற்பதை வாங்கி ஒட்டினால் செல்லாது. சான்றிதழோடு வருவதையே வாங்குங்கள்.

இரண்டாம் நடை போகும்போது முழு நம்பிக்கையோடு போனேன். இன்ஸ்பெக்டர் லைட்டைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம் ஏறி உட்கார்ந்து மைதானத்தில் ஓட்டிப்போய் பிரேக் அடித்தார். வண்டியின் மூக்கு தரையைத் தொடுவதுபோலக் குனிந்தது, பின்பக்கம் தூக்கியது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் நின்றது. இறங்கி வந்தார்.

"பின்னால பிரேக்கே பிடிக்கல."

"சார், போன மாசம்தான் பிரேக் பேட் மாத்தினேன்."

"பேட்டை ஏன் அடிக்கடி மாத்த வேண்டியிருக்குன்னு பாருங்க. இது லோடு வண்டி."

அந்த ஒரு கேள்வி அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை. உண்மைதான், ஆறு மாதத்தில் இரண்டு செட் பேட் போயிருந்தது. கடைக்காரர் தரம் இல்லாத பேட்டைத் தள்ளிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

பக்கத்து ஊரில் பிரேக் வேலை மட்டும் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொன்னார். முன்னால் பேட் ஒரு மாதத்திலேயே பாதி தேய்ந்திருந்தது. பின்னால் பிரேக் லைனர் புதிதுபோல இருந்தது. "வண்டி முன்காலால மட்டும்தான் நிக்குது தம்பி" என்றவர், பலகையில் படுத்துக் கீழே போனார். இரண்டு நிமிஷம் கழித்து என்னையும் உள்ளே கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார்.

பின் ஆக்சிலுக்கு மேலே, சேஸிஸில் ஒரு வால்வு. அதிலிருந்து ஒரு கை, கையிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு கம்பி. எல்எஸ்பிவி என்பார்கள். லோடு ஏறினால் சேஸிஸ் தாழும், கை அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருந்தால் சேஸிஸ் உயர்ந்து நிற்கும், அப்போது பின் சக்கரம் லாக் ஆகி வழுக்காமல் இருக்க வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் உள்ள உயரம்தான் அதற்குக் கண்.

நான் என்ன செய்திருந்தேன்? சைடுக்கு இரண்டு பட்டை ஏற்றி அந்த உயரத்தையே கூட்டிவிட்டேன். பாடி நிறைய தக்காளி ஏற்றினாலும் சேஸிஸ் தாழவில்லை என்று நாங்கள் சந்தோஷப்பட்டோமே, வால்வுக்கு அதன் அர்த்தம் "வண்டி காலி". முழு லோடில் மூன்று மாதம் பின் பிரேக் இல்லாத குறையாக ஓட்டியிருக்கிறேன். ஜூலை மழையில் ஒரு ராத்திரி, முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நான் நின்றபோது நடுவில் ஒரு முழம்தான் இருந்தது. ஈர ரோடு என்று நினைத்துவிட்டுத் துடைத்துப்போட்டு வந்துவிட்டேன். பெரியவர் கடை வாசலில் உட்கார்ந்து அதை நினைத்தபோது கை நடுங்கியது.

"கம்பியை நீட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமாண்ணே?" என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பட்டையை ஏத்தினா ஆக்சில் பலமாகாது, டயர் பலமாகாது, பிரேக்கும் பலமாகாது. ஆர்சியில இருக்கிற எடையை ஏத்து, கம்பெனி பட்டையே தாங்கும்." சரிதான். ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 வேறு. ஒரு தடவை மாட்டினால் அந்த மாத வருமானம் போச்சு.

பட்டை கழற்றும் வேலையை நானும் மச்சானும் செய்தோம், பெரியவர் பக்கத்தில் நின்றார். இந்த வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்னால் பட்டைக்கட்டின் இரண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். பட்டைகள் வில்போல விறைத்து நிற்கும், போல்ட் விட்டதும் முகத்துக்கு நேரே தெறிக்கும். ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள், சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். பட்டைக்கட்டை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைப் பழையதே மாட்டக் கூடாது, ஒரு தடவை இழுபட்டது மறுபடி அதே இறுக்கத்தில் நிற்காது. புதியதை எதிரெதிர் நட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசி இறுக்கத்தை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது கொடுங்கள்.

துரு வழிந்த தடம் பார்த்து இடது பக்கத்தில் ஒரு பழைய பட்டை விரிசல் விட்டிருப்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். முதலில் வண்டி உட்கார்ந்ததற்குக் காரணமே அதுதான்! அதை மட்டும் மாற்றியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. மாற்றிக் கட்டியபின் அளந்தால், உயரம் ஒன்றே முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. வால்வின் கை மறுபடி அசைந்தது. நான்கு சக்கரத்திலும், வால்வில் இருந்த தனி நிப்பிளிலும் பிரேக் எண்ணெயில் சிக்கிய ஏர் எடுத்தோம்.

செக்கர் தகடும் போனது. பெரியவர்தான் கணக்குப் போடச் சொன்னார். மூன்று மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு இருபத்துமூன்றரை கிலோ. என் பாடிக்கு நாலரை சதுர மீட்டருக்கு மேல். ஆக, நூறு கிலோவுக்கு மேல் சும்மாவே சுமந்திருக்கிறேன். ஒவ்வொரு நடைக்கும் ஏழு பெட்டித் தக்காளியின் எடை. இப்போது ரப்பர் மேட் போட்டிருக்கிறேன். தகட்டை அறுக்கும்போது தீப்பொறி பிரேக் ஓஸில் விழாமல் ஈரச் சாக்கு போட்டு மூடிக்கொள்ளுங்கள். வெல்டிங் வைப்பதாக இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

மூன்றாம் நடை இருபது நிமிஷத்தில் முடிந்தது. அதே இன்ஸ்பெக்டர், அதே மைதானம். பிரேக் அடித்தார், வண்டி நான்கு காலும் ஊன்றி நின்றது. "என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். பட்டையைக் கழற்றியதைச் சொன்னேன். "வேற வண்டிக்காரங்ககிட்டயும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார்.

நேற்று லோடோடு ஐந்நூறு கிலோமீட்டர் ஆனது. பெரியவர் சொன்னபடி யூ போல்ட்டை மறுபடி இறுக்கினேன். எட்டு நட்டில் மூன்று நட்டு தலா கால் சுற்று வாங்கின.